உடற்கல்வி ஆசிரியர் பல்கலைக்கழகத்தில் கற்பது என்ன?

பள்ளிக்கூடத்தில் கணக்குக் கற்பிப்பவர் கணிதம் பயின்றவர் என்பதையும், மொழி கற்பிப்பவர் இலக்கண இலக்கியங்களில் தேர்ச்சி பெற்றவர் என்பதையும் எவரும் ஐயுறுவதில்லை. உடற்கல்வி ஆசிரியரைப் பற்றி மட்டும் வேறொரு கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. கட்டான உடலும், உரத்த குரலும், கழுத்தில் தொங்கும் ஒரு விசிலும் இருந்துவிட்டால் அவ்வேலைக்கு அவையே போதும் என எண்ணுவோர் பலர். அதற்கும் ஒரு பட்டப் படிப்பா என்று கேட்கும் பெற்றோரும் உளர். தேர்வுக் காலம் நெருங்கியதும் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கிற்கோ அறிவியலுக்கோ ஒதுக்கிவிடும் பழக்கத்திற்கும் இக்கருத்தே அடிப்படை எனலாம்.

இவ்வையம் படிப்பறியாதவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குத் தலைவராக விளங்கிய வேதியியல் அறிஞர் ஜேம்ஸ் கோனன்ட், 1963ஆம் ஆண்டில் ஆசிரியர் கல்வியைப் பற்றி எழுதிய நூலில், உடற்கல்வியில் மேற்பட்டப் படிப்பு நடத்துவதே வேண்டாம் என்னும் கருத்தை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டே, பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க்ளின் ஹென்றி, உடற்கல்வியும் ஓர் அறிவுத்துறையே என்று வாதிடும் கட்டுரை ஒன்றை எழுதினார். உடற்கூற்றியல், உடலியல், உளவியல் முதலிய துறைகள் மனிதனின் அசைவைப் பற்றித் தத்தம் எல்லையோரத்தில் சிறிதளவே பேசிச் செல்கின்றன. அவ்வெல்லையோரங்களை ஒருங்கே வைத்து ஆழ்ந்து ஆராய்வது ஒரு தனித்துறையின் பணி என்பது அவர் வாதத்தின் சாரம். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் இன்று நோக்குமிடத்து, உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் ஹென்றி காட்டிய வழியிலேயே நடந்துள்ளன. ஆயினும் பொதுமக்கள் மனத்தில் கோனன்டின் ஐயம் இன்னும் அகலவில்லை. ஆதலின், உடற்கல்வி ஆசிரியராக விரும்பும் மாணவர் பல்கலைக்கழகத்தில் உண்மையில் யாது கற்கிறார் என்பதை அறிந்துகொள்ளுதல் தமிழாசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயனுடையதாகும்.

கட்டளையிலிருந்து கல்விக்கு

பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான உடற்பயிற்சி அளிக்க வேண்டும் என்னும் எண்ணம் ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. செருமானிய ஆசிரியர் குட்ஸ்மூத்ஸ் இளைஞர்க்கான உடற்பயிற்சி நூலை 1793இல் வெளியிட்டார். சுவீடன் நாட்டுப் பேர் ஹென்ரிக் லிங் 1813ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிலையம் ஒன்றை நிறுவினார். ஆசிரியர் கட்டளையிட, மாணாக்கர் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்வது அவர் வகுத்த முறை. தமிழ்நாட்டில் முதியோர் ‘டிரில் வகுப்பு’ என்றும் ‘டிரில் மாஸ்டர்’ என்றும் குறிப்பிட்டு வந்தது இத்தகைய கட்டளைப் பயிற்சியையே ஆகும்.

அந்நிலையத்தில் பயின்ற மார்ட்டினா பெர்க்மன் என்னும் பெண்மணி 1881இல் இலண்டன் பள்ளிகளில் பணியேற்றார். 1885ஆம் ஆண்டில் அவர் பெண்களுக்கென உடற்பயிற்சி ஆசிரியர் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். அது 1895இல் டார்ட்ஃபோர்டுக்கு இடம்பெயர்ந்தது. ஆண்களுக்கான கார்னகி கல்லூரி லீட்சு நகரில் திறக்கப்பெற்றதோ 1933இல்தான். உடற்கல்வி ஆண்களின் துறை என்று கருதுவோர், இங்கிலாந்தில் பெண்களே ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் முந்திச் சென்றனர் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. பின்னர் 1946ஆம் ஆண்டில் பர்மிங்காம் பல்கலைக்கழகம் உடற்கல்வியைப் பட்டப் படிப்பின் பாடமாக ஏற்றது. பிரிட்டனில் அதுவே முதன்முறை.

தமிழ் வழங்கும் நிலத்திற்கு இக்கல்வி வந்த வழி வேறு. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளி புகழ்பெற்றது. குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுதற்கேற்ற விளையாட்டொன்று வேண்டுமென்று ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் கூடைப்பந்தைப் புனைந்தது அங்கேதான். அப்பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் 1920ஆம் ஆண்டு சென்னையில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் கல்லூரியாகத் திகழும் அந்நிறுவனம், ஆசியாவில் இத்துறையில் முதன்முதல் தோன்றியவற்றுள் ஒன்றெனப் போற்றப்படுகிறது. 1924இல் பாரிசு ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவரும் பக் அவர்களே. இந்திய விடுதலைக்குப் பின்னர், 1957இல் குவாலியரில் தோன்றிய இலட்சுமிபாய் கல்லூரி மூன்றாண்டுப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டிற்குமெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2004ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது.

இவ்வட்டாரத்திலும் வளர்ச்சி படிப்படியாகவே நிகழ்ந்தது. சிங்கப்பூரில் 1984ஆம் ஆண்டு உடற்கல்விக் கல்லூரி நிறுவப்பட்டது. 1991இல் அக்கல்லூரியும் கல்விக் கழகமும் ஒன்றிணைந்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தேசியக் கல்விக் கழகமாயின. சான்றிதழ் நிலையிலிருந்த உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி, இவ்வாறு பல்கலைக்கழகப் பட்டத்திற்குரிய கல்வியாக உயர்ந்தது. மலேசியாவில் கோலாலம்பூர் செராசிலிருந்த சிறப்பாசிரியர் பயிற்சிக் கல்லூரி 1960களிலிருந்து உடற்கல்விக்கெனத் தேர்ந்த ஆசிரியர்களை உருவாக்கிற்று. 1922இல் தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்குத் தனிப் புலமே உண்டு. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர் கல்விக் கழகங்களும் இப்போது பட்டமளிக்கும் நிலையில் உள்ளன.

உடலைக் கற்றல்

முதலாவதாக அம்மாணவர் கற்பது உடலைப் பற்றிய அறிவியல். எலும்பும் மூட்டும் தசையும் அமைந்துள்ள வகையை உடற்கூற்றியலும், அவை தொழிற்படும் வகையை உடலியலும் கற்பிக்கின்றன. மருத்துவ மாணவர் நோயுற்ற உடலை நோக்கிச் செல்ல, உடற்கல்வி மாணவர் உழைக்கும் உடலை நோக்கிச் செல்கிறார் என்பதே வேறுபாடு.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1982 முதல் நடைபெறும் நாஃபா எனப்படும் உடலுறுதித் தேர்வில் உயர்நிலை மாணாக்கர் 2.4 கிலோமீட்டர் ஓட வேண்டும். பயிற்சியில்லாத மாணவன் தொடக்கத்தில் முழு வேகத்தில் பாய்ந்து, முதற் சுற்று முடியுமுன்னரே மூச்சு வாங்கி நின்றுவிடுவான். அவனைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்ளுதல் எளிது. ஆனால் உடலியல் கூறுவது வேறு. தசையில் உடனடியாகச் செலவிடத்தக்க ஆற்றல் முழு வேக ஓட்டத்தில் ஏறத்தாழப் பத்து நொடிகளுக்கே போதுமானது. அதன்பின், போதிய உயிர்வளி இன்றியே சர்க்கரையைச் சிதைத்துப் பெறும் ஆற்றல் ஓரிரு நிமிடங்கள் தாங்கும். நெடுந்தூர ஓட்டத்திற்கோ உயிர்வளியின் துணையால் மெல்ல மெல்லப் பெறும் ஆற்றலே முதன்மையானது. எனவே அம்மாணவனுக்கு வேண்டுவது கண்டிப்பன்று. தன் வேகத்தைத் தானே அளந்து ஓடக் கற்பதே. முதற் சுற்றைக் கடைசிச் சுற்றின் வேகத்திலேயே ஓடுமாறு பழக்கினால், அதே மாணவன் நிற்காமல் ஓடி முடிப்பதைக் காணலாம்.

வெப்ப நாட்டில் இவ்வறிவு உயிர்காக்கும் அறிவுமாகும். உடலின் சூட்டை வியர்வை தணிப்பது அது ஆவியாவதாலேயே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் நனைந்தும் சூடு இறங்காது. பாடத்தை எந்நேரத்தில் நடத்துவது, எத்தனை நிமிடத்திற்கொருமுறை நிழலில் நிறுத்துவது, விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகளைச் சில நாள்கள் எவ்வாறு படிப்படியாகப் பழக்குவது என்பனவெல்லாம் ஆசிரியர் கணக்கிட வேண்டியவை. கடும் வெப்பத் தாக்குதலுக்கு ஆளான மாணவனுக்கு உதவி கோரி அழைப்பு விடுத்த கையோடு, மருத்துவ வண்டி வரும்வரை காத்திராமல், அவ்விடத்திலேயே உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். இதனைப் பயின்று அறிந்தவர் திடலில் இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேறுபாடு, சில வேளைகளில் ஓர் உயிரின் அளவினதாகிவிடும்.

அசைவைக் கற்றல்

இரண்டாவது, உயிர் இயக்கவியல். விசை, நெம்புகோல், எறிபொருளின் பாதை என்று இயற்பியலில் படிப்பவற்றை மனித உடலின்மேல் வைத்து ஆராய்வது இத்துறை. எறியும் பொருள் 45 பாகைக் கோணத்தில் புறப்பட்டால் மிகுந்த தூரம் செல்லும் எனப் பள்ளிப் பாடம் கூறும். ஆனால் நீளம் தாண்டுவோர் ஏறத்தாழ 20 பாகைக் கோணத்திலேயே எழும்புகின்றனர். ஓடிவந்த வேகத்தை இழக்காமல் அதனினும் உயர எழும்புவதற்கு மனிதக் காலுக்கு வலிமை போதாது என்பதே காரணம். இதையறியாத ஆசிரியர் ‘இன்னும் உயரத் தாண்டு’ என்று சொல்லி மாணவனின் தூரத்தைக் குறைத்துவிடவும் கூடும்.

நின்ற இடத்திலிருந்தே நீளம் தாண்டுதல் நாஃபா தேர்வின் மற்றோர் உறுப்பு. இத்தாவலில் கைவீச்சின் பங்கு யாது என்பதை ஆராய்ந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், கைகளை வீசித் தாண்டியவர்கள் கைகளை அசைக்காமல் தாண்டியதைவிட ஏறத்தாழ 21 விழுக்காடு மிகுந்த தூரம் சென்றனர் எனக் கண்டறியப்பட்டது. காலின் வலிமையைப் பெருக்கப் பல வாரங்கள் வேண்டும். கையை உரிய நேரத்தில் வீசக் கற்பிக்க ஒரு பாடவேளையே போதுமானதாகலாம். ஒரு மாணவிக்குக் குறைவது வலிமையா, முறையா என்று கண்டறியும் கண் இக்கல்வியால் வருவது.

மூன்றாவது, அசைவுத் திறன் மனிதனுக்கு எவ்வாறு படிகிறது என்பதை ஆராயும் இயக்கக் கற்றல் என்னும் துறை. புதிய திறனொன்றைக் கற்பவர் மூன்று படிகளைக் கடக்கிறார் என்று ஃபிட்சும் போஸ்னரும் 1967இல் விளக்கினர். முதற்படியில் செய்ய வேண்டியதை எண்ணி எண்ணிச் செய்வார். இரண்டாம் படியில் பிழைகள் குறையும். மூன்றாம் படியில் எண்ணாமலே கைவரும். முதற்படியில் நிற்கும் குழந்தைக்கு ஒரே மூச்சில் ஐந்து திருத்தங்களைச் சொன்னால் ஒன்றும் மனத்தில் தங்காது. ஒன்றைச் சொல்லி நிறுத்தினால் தங்கும்.

பூப்பந்து விளையாட்டைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. குட், மகில் என்னும் இருவர் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட அவ்வாய்வில், புதிதாக ஆடக் கற்போர்க்கு மூவகைத் தொடக்க அடிகள் கற்பிக்கப்பட்டன. ஒரு குழுவினர் ஒரு வகையை முடித்துக்கொண்டு அடுத்த வகைக்குச் சென்றனர். மற்றொரு குழுவினர் மூன்றையும் மாற்றி மாற்றிக் கலந்து பயின்றனர். சில நாள் கழித்துச் சோதித்தபோது, கலந்து பயின்றோரே கற்றதை நன்கு நினைவிற் கொண்டிருந்தனர். மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து அடிக்கச் சொன்னபோதும் அவர்களே சிறந்து நின்றனர். இத்தகைய பயிற்சி நடைபெறும் வேளையில் மாணாக்கர் தடுமாறுவதுபோலத் தோன்றினும், பின்னர் நிலைத்து நிற்பது அதுவே எனப் பிற ஆய்வுகளும் காட்டியுள்ளன. பாடவேளையின் முடிவில் கண்ணுக்கு அழகாகத் தெரிவது கற்றலன்று; அடுத்த வாரமும் எஞ்சியிருப்பதே கற்றல். வாய்பாட்டையும் எழுத்துக்கூட்டலையும் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

குழந்தையைக் கற்றல்

உடலும் அசைவும் அறிந்தால் பயிற்றுநர் ஆகலாம். ஆசிரியர் ஆவதற்குக் குழந்தையை அறிதல் வேண்டும். பயிற்றுநர் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். ஆசிரியர்க்கோ வகுப்பில் அமர்ந்துள்ள அனைவரும் உரியவர்.

வளர்பருவத்தில் பெண் குழந்தைகள் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதிலும், ஆண் குழந்தைகள் ஏறத்தாழப் பதினான்கு வயதிலும் மிக விரைந்து உயர்கின்றனர். இது சராசரிக் கணக்கே. ஒருவர்க்கு ஈராண்டு முந்தியும் மற்றொருவர்க்கு ஈராண்டு பிந்தியும் நிகழலாம். எனவே ஒரே வகுப்பில் பதின்மூன்று வயதுள்ள இரு சிறுவரில் ஒருவன் இளைஞன் போன்றும் மற்றவன் குழந்தை போன்றும் இருப்பான். முன்னவன் பந்தயத்தில் வெல்வதும் பின்னவன் தோற்பதும் பெரும்பாலும் காலண்டர் செய்த வேலை. பிந்தி வளரும் அச்சிறுவன், ‘எனக்கு விளையாட்டு வராது’ என்று அப்போது முடிவு கட்டிவிட்டால், வளர்ச்சி வந்த பின்னரும் திடலுக்குத் திரும்புவது அரிது. அம்முடிவை அவன் எடுக்காதவாறு காப்பது உடற்கல்வி ஆசிரியரின் தலையாய கடமைகளுள் ஒன்று.

இதற்கு உளவியல் துணைபுரிகிறது. வெற்றி என்பதை மாணாக்கர் இருவகையாகக் கருதுவர் என ஜான் நிக்கல்ஸ் 1984இல் விளக்கினார். பிறரை விஞ்சுவதே வெற்றி எனக் கருதுவது ஒன்று. நேற்றைய தன்னை இன்று விஞ்சுவது வெற்றி எனக் கருதுவது மற்றொன்று. முதல் வகையில் ஒருவன் மகிழப் பலர் தளர்வர். இரண்டாம் வகையில் கடைசியாக ஓடி வரும் பிள்ளைக்கும் வெல்லுதற்கு இடமுண்டு. எந்த எண்ணம் வகுப்பில் நிலவும் என்பது ஆசிரியர் எதைப் பாராட்டுகிறார், எதை எழுதி வைக்கிறார் என்பதைப் பொறுத்தது.

சிங்கப்பூரின் பட்டறிவு ஒன்று இவ்வுண்மையைத் தெளிவாக்குகிறது. எடை மிகுந்த மாணாக்கரின் எண்ணிக்கையைக் குறைக்கும் நோக்குடன் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்னும் திட்டம் 1992ஆம் ஆண்டு பள்ளிகளில் தொடங்கப்பெற்றது. எடை மிகுந்த பிள்ளைகள் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் பயிற்சி பெற்றனர். நோக்கம் நல்லதே, எடை மிகுந்தோர் விகிதமும் குறைந்தது. ஆயினும், தோழர்கள் காணத் தனியே பிரித்து நிறுத்தப்படுவது பிள்ளைகளைப் புண்படுத்துகிறது என்னும் குறை எழுந்தது. திட்டத்தின் ஆங்கில முதலெழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ‘பருமன்’ என்று பொருள்படும் சொல் வருவதும் ஏளனத்திற்கு இடமளித்தது. 2007இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. அதனிடத்தில் எல்லா மாணாக்கரின் உடல், உள்ள நலனையும் ஒருங்கே கருதும் முறை வந்தது. எடையைக் குறைக்கும் பயிற்சி யாது என்பதை உடலியல் சொல்லிவிடும். அப்பயிற்சியை ஒரு குழந்தை வெறுக்காமல் வாழ்நாள் முழுதும் செய்யுமாறு எவ்வாறு பழக்குவது என்பதை உளவியலும் கல்வியியலுமே சொல்ல வேண்டும். உடற்கல்வி ஆசிரியர்க்கு இவை யாவும் தேவை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கற்பிக்கக் கற்றல்

கட்டளையிட்டுச் செய்விப்பது ஒன்றே கற்பிக்கும் முறை என்றிருந்த நிலையை மாற்றியவருள் மஸ்கா மாஸ்டன் குறிப்பிடத்தக்கவர். அவர் 1966இல் வெளியிட்ட நூலில், கற்பிக்கும் முறைகளை வரிசைப்படுத்திக் காட்டினார். எல்லா முடிவுகளையும் ஆசிரியரே எடுக்கும் முறை ஒருமுனை. மாணவர் தாமே கண்டுபிடித்துக் கற்கும் முறை மறுமுனை. இடையில், இருவர் இருவராக நின்று ஒருவர் செய்வதை மற்றவர் கவனித்துத் திருத்தும் முறை போன்றவை அமைகின்றன. ஈட்டி எறிதல் போன்று ஆபத்துள்ள இடத்தில் கட்டளை முறையே ஏற்றது. நடனத்திலோ புதிய விளையாட்டைப் புனைவதிலோ மறுமுனை ஏற்றது. எவ்விடத்தில் எம்முறை என்று தேர்தல் ஆசிரியரின் அறிவைப் பொறுத்தது.

விளையாட்டைக் கற்பிக்கும் வகையிலும் பெருமாற்றம் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் லஃபரோவைச் சேர்ந்த பங்கர், தோர்ப் ஆகிய இருவர் 1982இல் ஒரு புதிய வழியைக் கூறினர். பந்தை உதைத்தல், தடுத்தல், கடத்தல் என்று உறுப்பு உறுப்பாகப் பயிற்றிவிட்டுக் கடைசியில் ஆடவிடுவதற்கு மாறாக, எளிமையாக்கப்பட்ட சிறு ஆட்டத்தை முதலிலேயே ஆடவிட்டு, ‘இப்போது எங்கே நிற்பது நல்லது? ஏன்?’ என்று வினவிச் சிந்திக்கச் செய்வது அவ்வழி. திறன் தேவைப்படுகிறது என்று மாணவர் தாமே உணரும்போது அத்திறனைக் கற்பிக்க வேண்டும். சிங்கப்பூரின் பள்ளிகளில் 1999ஆம் ஆண்டு முதல் இவ்வணுகுமுறைக்கு ஊக்கமளிக்கப்பட்டது. தமிழர்க்குப் பழக்கமான சடுகுடுவைக் கொண்டு இதனை விளக்கலாம். ஏழு பேர் கொண்ட முழு ஆட்டத்தைத் தொடங்காமல், சிறிய கட்டத்தில் பாடி வரும் ஒருவரையும் பிடிக்கும் மூவரையும் நிறுத்தினால், மூவரும் சேர்ந்து நகர்ந்தால்தான் பிடிக்க இயலும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். கைகோத்து நிற்பதன் காரணத்தை ஆசிரியர் சொல்ல வேண்டிய தேவையே எழாது.

இவற்றோடு, அம்மாணவர் தம் உடலாலும் கற்கிறார். ஓட்டக் களத்தில் பரிசு பெற்றவரும் நீந்தவும், நடனமாடவும், சீருடற்பயிற்சி செய்யவும், அறியாத பந்தாட்டங்களை ஆடவும் பயில வேண்டும். வெற்றியே கண்டு பழகியவர் நீர்த்தொட்டியின் ஓரத்தில் அஞ்சி நிற்பதும், நடன வகுப்பில் கால் தடுமாறுவதும் உண்டு. இது வீண் துன்பமன்று. இயலாத பிள்ளையின் உள்ளம் எத்தகையது என்பதை ஏட்டினும் தெளிவாக உணர்த்தும் பாடம் இதுவே.

இறுதியாகப் பள்ளிப் பயிற்சி. தேசியக் கல்விக் கழகத்தின் நான்காண்டுப் பட்டப் படிப்பில் இது படிப்படியாக அமைந்தது. முதலில் வகுப்பைக் கவனித்தல், பின்னர் ஆசிரியர்க்குத் துணைநிற்றல், அதன்பின் தாமே சில வாரங்கள் கற்பித்தல், கடைசியில் ஏறத்தாழ ஒரு பள்ளித் தவணைக் காலம் முழுப்பொறுப்பேற்றல் என்பது அதன் ஒழுங்கு. நான்கு சுவருக்குள் நாற்பது பேரை அடக்குவதே கடினமாயிருக்க, சுவரில்லாத் திடலில், கையில் பந்துடன் நிற்கும் நாற்பது பேரை ஆள்வது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

தமிழ்ப்பள்ளிக்கு இதனால் ஆவது என்ன?

மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல சிறியவை. ஓர் ஆசிரியரே பல பாடங்களைக் கற்பிக்கும் நிலை அங்கு உண்டு. உடற்கல்விப் பட்டம் பெறாத மொழியாசிரியரும் திடலுக்குச் செல்ல நேரும். அத்தகையோர்க்கு இத்துறையின் அறிவிலிருந்து மூன்று செய்திகளேனும் உடனே பயன்படும்.

முதலாவது, காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தல். முப்பது பிள்ளைகளும் ஒரே பந்தும் முப்பது நிமிடமும் இருந்தால், வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர்க்கும் கிடைப்பது ஒரே நிமிடம். மூவர்க்கு ஒரு பந்து கிடைக்குமானால் அதே நேரத்தில் ஒவ்வொருவர்க்கும் பத்து நிமிடம் உண்டு. விலையுயர்ந்த பந்து வேண்டுமென்பதில்லை. பழந்துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தும் எறிதலையும் பிடித்தலையும் கற்பிக்கும். இரண்டாவது, ஒரே செயலை நெடுநேரம் செய்விக்காமல் மாற்றி மாற்றிப் பயிற்றுதல். மூன்றாவது, பிள்ளையின் அளவைப் பிள்ளையோடே ஒப்பிடுதல். மலேசியப் பள்ளிகளில் நடைபெறும் செகாக் என்னும் உடலுறுதிச் சோதனையில் பலகை ஏறி இறங்குதல், தண்டால், முன்வளைந்து எட்டுதல் முதலியன இடம்பெறுகின்றன. அதன் பதிவேட்டை வெறும் படிவமாகக் கருதாமல், ‘சென்ற முறை பன்னிரண்டு, இம்முறை பதினைந்து’ என்று பிள்ளையிடம் காட்டினால், அவ்வேடே ஊக்கம் தரும் கருவியாகிவிடும்.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் சராசரியாக நாள்தோறும் 60 நிமிடமேனும் உடல் உழைத்து இயங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. தோட்டத்தில் ஓடியாடி வளர்ந்த பழைய தலைமுறைக்கு இதனை எவரும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. அடுக்குமாடி வீட்டில் கைப்பேசியோடு வளரும் தலைமுறைக்குப் பள்ளித் திடலே பெரும்பாலும் எஞ்சியுள்ள இடம். அத்திடலில் கழியும் பாடவேளையையும் தேர்வின் பெயரால் எடுத்துக்கொண்டால், உடலை ஆளக் கற்கும் வாய்ப்பைப் பிள்ளை வேறெங்குப் பெறும் என்பதைப் பள்ளிகள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனவே, உடற்கல்வி ஆசிரியராக விரும்புவதாக மகனோ மகளோ கூறும்போது, படிப்பில் பின்தங்கியவர்க்கு உரிய வழி என்று பெற்றோர் அதனைத் தள்ளிவிடுதல் கூடாது. உயிரியலிலும் இயற்பியலிலும் அடிப்படை அறிவும், கற்பதில் விடாமுயற்சியும், எல்லாவற்றிற்கும் மேலாகக் கடைசியில் வரும் பிள்ளையிடத்தும் அன்பும் உடையவர்க்கே இக்கல்வி முழுப்பயன் தரும். விளையாட்டு வீரராக இருந்திருத்தல் ஒரு துணையே. அது மட்டும் போதாது. பெண்கள் இத்துறைக்கு மிகுதியாக வருதல் வேண்டும். வளர்பருவத்தில் திடலை விட்டு விலகும் மாணவியரை மீண்டும் அழைத்து வர அவர்களால் மிகவும் இயலும். தகுதியுடைய மாணாக்கரைக் கண்டு, இப்படிப்பை அவர்க்கு எடுத்துரைத்து, விண்ணப்பிக்கத் தூண்டுதல் தமிழாசிரியர்கள் இன்றே தொடங்கத்தக்க நற்பணியாகும்.